தாவாத கை

கல்லூரியின் இசைத் துறையில் பியானோ வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். பக்கவாத்தியமாக வாசிக்கத் தெரிந்தவன் இந்தக் கதையின் தம்பிக்காரன் ஒருத்தன்தான். இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால் அவர்களுக்குப் பெரிய கும்பிடு. தனியாக வாசிக்கிறவன் தன் தப்பைப் பார்த்துக்கொண்டால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவன் அடுத்தவர் தப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பாடுகிறவர் பதற்றத்தில் நாலு வரியை முழுங்கிவிட்டு எங்கேயோ போய் நின்றால், பியானோக்காரனும் அந்த நொடியே தாவி அங்கே போய்விட வேண்டும். 'இசைத்தாளில் அப்படியா இருக்கிறது?' என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தால் மேடையில் மானம் கப்பலேறிவிடும். இன்னொரு விதியும் உண்டு. அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்: காப்பாற்றியதை வெளியே சொல்லக் கூடாது.

இவன் இதில் கெட்டிக்காரன். டிரம்பெட் வாசிக்கிற வகுப்புத் தோழன் ஒருவன் ஒருமுறை ஒரு முழுப் பக்கத்தையே விட்டுவிட்டுப் பாய்ந்தபோது, இவன் மூச்சு விடுவதற்குள் கூடப் பாய்ந்துவிட்டான். கைதட்டல் அரங்கைப் பிளந்தது. அந்தத் தோழன் இன்றைக்கும் தான் சரியாக வாசித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும், பாவம்.

இவனுடைய அக்காவும் அதே துறையில், அதே ஆண்டில், பாட்டுப் பிரிவில் படித்தாள். இவனைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் பள்ளியை முடித்த நேரத்தில் அப்பா முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்துவிட்டார். அதனால் அவள் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குப் போனாள். அப்பா எழுந்து நடமாடி, தம்பியும் பள்ளியை முடித்த பிறகுதான் இருவரும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டார்கள். வீட்டில் அவள் குரலுக்கு இருந்த மவுசே தனி. யார் வந்தாலும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவார்கள். பாடி முடித்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கூட வாசித்தவனிடம், "போய் அந்தக் காபி டம்ளரையெல்லாம் எடுத்து வைடா" என்பாள். மாமா வரும்போதெல்லாம், அக்காவுக்கு ஒத்து ஊதும் உத்தியோகம் எப்படிப் போகிறது என்று கேட்டு இவன் முதுகில் தட்டுவார். இவனும் சிரித்து வைப்பான். தாய்மாமன் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

இதெல்லாம் இவனுக்குப் பெரிய குறையாகத் தோன்றியதில்லை. கடைசி ஆண்டுத் தேர்வு வரும்வரை.

அந்தப் பட்டப்படிப்பில் எழுதுகிற தேர்வெல்லாம் ஒப்புக்குத்தான். கடைசியில் மேடையேறி ஒரு முழுக் கச்சேரி செய்ய வேண்டும். மூன்று தேர்வாளர்கள் முன்வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். வீட்டார் வந்து கேட்கலாம். இவனுடைய கச்சேரி முதலில் வந்தது. அப்பாவுக்கு அன்று பார்த்து முதுகு வலி. அப்பாவை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. அரங்கின் ஏ.சி. தொண்டைக்கு ஆகாது, அடுத்த வாரம் என் கச்சேரி இருக்கிறது என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். தேர்வாளர்களையும், விளக்குப் போடுகிறவரையும், எதற்கோ உள்ளே வந்து தூங்கிப்போன ஒரு மாணவனையும் தவிர அங்கே யாருமில்லை. இவன் நன்றாகத்தான் வாசித்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா "நல்லா பண்ணினியா?" என்று கேட்டாள். "ம்" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம் அக்காவின் கச்சேரி. அன்று அப்பாவின் முதுகு சமர்த்தாக நடந்துகொண்டது. நாற்காலிக்கு ஒரு திண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அவர் எல்லாருக்கும் முன்னால் கிளம்பி நின்றார். அம்மா, மாமா, மாமி, மாமியின் தங்கை எல்லாரும் ஒரு வரிசையை நிறைத்தார்கள். மாமா புதுக் கேமராவோடு வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் அக்காவின் தோழி, பயமாக இல்லையா என்று கேட்டாள். அக்கா சிரித்தாள்.

"எனக்கென்ன பயம்? நான் எவ்வளவு இழுத்தாலும் இவன் கூடவே வருவான். இவனுக்கு வேற வேலை என்ன?"

சொல்லிவிட்டு அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். ஆசையாகத்தான் சொன்னாள், அது இவனுக்கும் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் இவனும் சேர்ந்து சிரித்திருப்பான். அன்று அது முள்ளாகத் தைத்துக்கொண்டது.

முதல் இரண்டு பாட்டும் அமர்க்களம். மூன்றாவது பாட்டில் மூன்று சரணங்கள். இரண்டாவது சரணமும் மூன்றாவது சரணமும் ஒரே மாதிரி தொடங்கும். முதல் வரி முடிந்ததும் இரண்டாவது சரணம் கீழே இறங்கும். மூன்றாவது மேலே ஏறி, பாட்டை முடித்துவைக்கும். பாடுகிறவர்கள் தாளைப் பார்க்கக் கூடாது, எல்லாம் மனப்பாடம். அக்கா இரண்டாவது சரணத்தின் முதல் வரியைப் பாடினாள், மூச்சை இழுத்தாள், மேலே ஏறிவிட்டாள்.

ஏறிய முதல் சுரத்திலேயே இவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சரணத்தை விட்டுவிட்டாள், நேராக முடிவுக்குப் போகிறாள். கூடத் தாவினால் பாட்டு கொஞ்சம் சீக்கிரம் முடியும், தேர்வாளர்கள் கவனித்தால் கொஞ்சம் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கை தாவத் தயாராக இருந்தது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன நினைப்பு வந்தது: ஒரு தடவையாவது தெரியட்டும்.

அவன் தாளில் இருந்ததை வாசித்தான். அவள் மேலே போக, பியானோ கீழே இறங்கியது. இரண்டும் சேர்ந்து எழுந்த சத்தம், தெரியாதவர்கள் காதுக்குக்கூட நாராசமாக இருந்தது. அவள் நின்றுவிட்டாள். திரும்பி இவனைப் பார்த்தாள். இவன் அவளைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது சரணத்தை முதலிலிருந்து தொடங்கிக் கொடுத்தான். ரொம்ப ஒழுங்கான பிள்ளை! அவளுக்கு வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கிக் கொடுத்தான், வரவில்லை. அவள் தேர்வாளர்களைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள். பாட இன்னும் பாட்டுகள் மீதி இருந்தன. பாதியில் இறங்கினால் தேர்ச்சி கிடையாது, சில மாதம் கழித்து ஒரே ஒரு மறுதேர்வு, அதிலும் போனால் பட்டம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இவனால் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது இவனைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒருத்தரும் திட்டவில்லை. வண்டியில் வீட்டுக்குப் போகும்போது மாமி, பாவம், பிள்ளை எத்தனை தடவை எடுத்துக் கொடுத்தான் என்று உச்சுக்கொட்டினாள். மாமா முதல்முறையாக இவனைக் கிண்டல் செய்யாமல் தோளைத் தொட்டார். தேர்வாளர்களின் அறிக்கையில், இக்கட்டான நேரத்திலும் பியானோ வாசித்தவர் உறுதியாக நின்றார் என்று ஒரு வரி இருந்ததாம். துறைத்தலைவி அதை இவனிடம் சொல்லிப் பாராட்டினார். இவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கமான பையன் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

இவனிடம் மன்னிப்புக் கேட்டவள் அக்காதான். மறுநாள் காலையில் இவன் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, உன்னையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டேனே என்றாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. இவன் கையிலிருந்த ஈரச்சட்டையை முறுக்கினான், முறுக்கினான், அது கிழியாமல் போனது ஆச்சரியம். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டான்.

அக்காவுக்குத் தன் மண்டையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவேன், அது எப்படி மறக்கும், எனக்கு ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அம்மாவுக்கு இது போதாதா? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மாவே மருந்துக்கடையில் விசாரித்து ஞாபகசக்தி மாத்திரை வாங்கி வந்தாள், பச்சையும் வெள்ளையுமாக, கட்டைவிரல் பருமனில். காலைச் சாப்பாடு முடிந்ததும் அக்கா அதைத் தண்ணீரோடு விழுங்குவாள், கண்ணில் நீர் வந்துவிடும். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இவனுக்கு அந்த மாத்திரை தன் தொண்டையில் சிக்கியதுபோல இருக்கும்.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நெருங்கியது. அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, பழைய செருப்புக் கடையில் மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமையிலிருந்து போகிறேன் என்றாள். பாட்டு என்னாவது என்று அப்பா கேட்டதற்கு, அதெல்லாம் போதும்ப்பா என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்திலிருந்த பியானோவின் மேல் அம்மா மறுநாள் இஸ்திரித் துணியை அடுக்கி வைத்தாள்.

அவள் வேலைக்குப் போன அந்த வாரமே இவன் கடைக்குப் போனான். எதற்குப் போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் போனான். கடை நீளமானது. முன்னால் கண்ணாடிப் பலகைகளில் ஒற்றைச் செருப்புகள், நடுவில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு திரை, திரைக்கு அப்பால் கூரைவரை அட்டைப்பெட்டிகள். அக்கா ஒரு பெரியவரின் காலை அளவு பார்த்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் அந்த எண்ணை எழுதிக்கொண்டாள். பெஞ்சிலிருந்து திரைக்குப் பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடிக்குள் ஒரு செருப்பு அளவு மறந்துபோகும் என்று அவள் பயந்தாள். இரண்டு வருஷம் இதே கடையில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அளவு பார்த்து, பெட்டியைச் சரியாகக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்.

பெரியவர் போகும்வரை காத்திருந்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான்.

"அக்கா, உனக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நீ எப்ப டாக்டரான?" என்றாள் அவள், பெட்டியை அடுக்கிக்கொண்டே.

"அன்னிக்கு நீ மேல ஏறினது முதல் சுரத்துலயே எனக்குத் தெரிஞ்சுது. நான் கூட வந்திருக்கலாம். வேணும்னுதான் வரல."

அவள் கை நின்றது. வந்திருக்கலாம் என்றால் என்ன என்று கேட்டாள். இவன் சொன்னான். பாடுகிற எல்லாருக்கும் இப்படித் தவறும், கூட வாசிக்கிறவன் தாவிவிடுவான், கேட்கிறவர்களுக்குத் தெரியாது, பல சமயம் பாடுகிறவர்களுக்கே தெரியாது, இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, நான் எத்தனையோ தடவை என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவன் அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எத்தனையோ தடவை?" என்றாள் அக்கா. "எனக்கா?"

அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தான். அவளுக்கு இது தெரியாது என்பதே மடையனுக்கு அப்போதுதான் உறைத்தது. இழுத்தால் இழுப்பான், நிறுத்தினால் நிறுத்துவான் என்ற அளவுக்குத்தான் அவள் நினைத்திருந்தாள். இனி மறைத்தும் பயனில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க இவன் சொன்னான். முதல் ஆண்டு வரவேற்பு விழாவில் இடையிசை முடியுமுன் அவள் பாட ஆரம்பித்தது, போன வருஷம், பாடி முடித்த வரியையே திரும்பப் பாடியது, இன்னும் மூன்று நான்கு.

"கோப்பை வாங்கினேனே, அந்தப் போட்டியிலயுமா?"

"அதுலயும்தான்."

அந்தக் கோப்பை வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா அதை வாராவாரம் துடைப்பாள். அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லக் கூடாதுன்னு ஒரு வழக்கம்…"

"ஊர்ல இருக்கறவங்களுக்கு அது சரி. நான் உன் அக்காடா."

இத்தனை நாள் அந்த ஒரு நொடியைத்தான் தன் பாவம் என்று இவன் சுமந்துகொண்டிருந்தான். அங்கே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு தடவை காப்பாற்றும்போதும் இவனுக்குள் ஒரு குஷி இருந்தது. எல்லாரும் அவளைக் கொண்டாடும்போது, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போகிற இவன், 'எனக்கல்லவா தெரியும்' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். வழக்கம் என்று சொன்னது சும்மா பேச்சு. அந்தச் சிரிப்பை விட மனமில்லாமல்தான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அப்போதே திருத்திக்கொண்டிருப்பாள்.

முன்னால் யாரோ கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து போய், முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பெண்ணின் காலில் செருப்பு வாரை மாட்டினாள். இவன் கடந்துபோனபோது நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் அவள் இவனிடம் பேசவில்லை. அவனைச் சாப்பிடச் சொல்லும்மா என்று அம்மா வழியாகத்தான் எல்லாம். மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, ஞாபகம் வந்துவிட்டது என்றாள். வீட்டில் எதையும் சொல்லக் கூடாது என்றும் இவனுக்கு உத்தரவு. திட்டு வாங்கி மனசைக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தவனுக்கு அதுவும் கிடைக்காமல் போனது. மறுதேர்வுக்குக் கடைசி நாளில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, பியானோ மேலிருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"உக்காரு. தாள்ல இருக்கறத மட்டும் வாசி. நான் எங்க போனாலும் நீ வரக் கூடாது."

அன்றிலிருந்து அதுதான் வேலை. அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்பாள். பாடுவாள். தவறுவாள். இவன் கூடப் போக மாட்டான். பியானோ ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், அதே நாராசம். ஒவ்வொரு தடவையும் அந்த மேடை நினைவுக்கு வந்து இவன் உடம்பு கூசும். அன்று ஒரே ஒரு தடவை செய்ததை இப்போது நாள் தவறாமல், அவள் எதிரிலேயே, அவள் சொல்லியே செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை தாங்காமல் கூடப் போய்விட்டான். அவள் பாட்டை நிறுத்தி, பியானோ மூடியை அவன் விரல்மேல் இறக்குவதுபோல் பாவனை செய்தாள். விளையாட்டுக்குத்தான், ஆனால் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. ஒரு நாள் கரண்டியோடு வந்து, அவள் விட்டுப் போனால் நீ கொஞ்சம் அனுசரித்து வாசிக்கக் கூடாதா, கூடப் பிறந்தவன்தானே நீ, என்று பிடிபிடியென்று பிடித்தாள். இவன் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டான். எத்தனையோ நாள் கழித்து அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுதேர்வுக்கு வீட்டார் யாரும் வரக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அதே அரங்கு, அதே மூன்று பேர். மேடைக்குப் பின்னால், விளக்கு எரிந்ததும் அவள் திரும்பி, "இன்னிக்கும் வராத" என்றாள்.

மூன்றாவது பாட்டின் அந்த வளைவில் அவள் சரியாகக் கீழே இறங்கினாள். இவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கடைசிப் பாட்டில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், இடையிசை பாதியில் இருக்கும்போதே அவள் வாயைத் திறந்து அடுத்த வரியைத் தொடங்கிவிட்டாள். இவன் இரண்டு கையும் துள்ளின. தாவினால் ஒருவருக்கும் தெரியாது. அவள் பட்டம் இதில் இருக்கிறது. தாவாமல் விட்டு மறுபடியும் அவள் இறங்கிப் போனால், அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அவள் முகத்தில் விழிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தாளில் இருந்ததை வாசித்தான்.

ஒரே ஒரு சொல்தான் தவறாக விழுந்தது. அவள் நிறுத்தினாள். இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, தலையை மட்டும் லேசாகச் சாய்த்துப் பியானோவைக் கேட்டாள். இடையிசை போகிறவரை போகவிட்டு, அது முடிகிற இடத்தில், சரியான சொல்லோடு உள்ளே வந்தாள். இத்தனை வருஷத்தில் இவன்தான் அவளைத் தேடிப் போயிருக்கிறான். அவள் இவனைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. இவனுக்குத் தாள் மங்கலாகத் தெரிந்தது. மனப்பாடத்தில் வாசித்து முடித்தான்.

தேர்ச்சி. ஆகா ஓகோ என்றெல்லாம் இல்லை. அந்தத் தவறிய சொல்லுக்குத் தேர்வாளர்கள் குறைத்துத்தான் போட்டிருந்தார்கள். முடிவு தெரிந்து வெளியே நடையில் வந்து நின்றபோது அக்கா தண்ணீர் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், இவன் கையைப் பார்த்தாள்.

"அந்த இடத்துல கை துடிச்சுதா?"

"துடிச்சுது."

"நல்லா துடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை இவன் கையில் திணித்தாள்.